எத்தனை தடவை வந்தது?

ஆரணியிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர் கம்பெனி மாறினாலும், அவருடைய பி.எஃப். கணக்கின் 12 இலக்க யூஏஎன் மாறக் கூடாது. ஓராண்டுச் சம்பளக் கோப்பில் அந்த எண் 12 முறை வந்தால் சரி. ஒரே மாதத்தில் இரண்டு முறை வந்தால் விசாரிக்க வேண்டும்.

ஒரு மாதக் கோப்பைக் கொடுத்தால், ‘ஆர்’ மென்பொருளின் ‘டேபிள்’ கட்டளை ஒவ்வொரு எண்ணும் எத்தனை தடவை வந்தது என்று சொல்லிவிடும். அதன்மேல் இன்னொரு ‘டேபிள்’ போடுவதில்தான் அழகு: ஒருமுறை வந்தவை இத்தனை, இருமுறை வந்தவை இத்தனை என்று பெரிய கோப்பும் இரண்டு வரியில் அடங்கிவிடும். மறுபடி வந்ததைக் காட்டும் ‘டூப்ளிகேட்டட்’ கட்டளை கொஞ்சம் ஓரவஞ்சனைக்காரன். முதலில் வந்ததை விட்டுவிட்டு அடுத்ததைத்தான் பிடிப்பான்.

யூஏஎன்னை எழுத்தாகவே படிக்கும்படி ‘ஆர்’-இடம் சொல்லுங்கள். எக்செலில் திறந்து அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் 1.01ஈ+11 என்று சுருங்கி, பாதி சிப்காட்டும் ஒரே ஆளாகிவிடும்.