கைக்கேற்ற காம்பவுண்டு வில்: மேற்குப் புறநகரின் வழிகளும் வழக்கங்களும்

காம்பவுண்டு வில் தேர்வைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் வில்வித்தைச் சங்கத்தின் மலர்க்குழு கேட்டதற்குக் காரணம் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் புதிதாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பலரின் கையில் இருப்பது வேட்டைக்கென்று செய்த வில்.

அந்த வில் மட்டமானது என்று யாரும் சொல்லவில்லை. காம்பவுண்டு வில்லே வேட்டையில் பிறந்ததுதான். மிசௌரி மாநிலத்து வேட்டைக்காரர் ஹாலஸ் வில்பர் ஆலன் 1966-இல் விண்ணப்பித்து 1969-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்த வில்லின் மையம் விலகிய கப்பி எப்படி வேலை செய்யும் என்பதை அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் நாட்டில் வேட்டைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஆயுதம் என்பதற்குத் தரும் விளக்கத்தில் வில்லையும் அம்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இங்கே எய்வது 50 மீட்டரில், 80 செ.மீ. இலக்கில், ஆறாறாக 72 அம்புகள். மரக்கிளையில் உட்கார்ந்து ஒரே ஓர் அம்புக்காகக் காத்திருப்பவனுக்குச் செய்த குட்டை வில், வெயிலில் நின்று 72 அம்பு விடுபவருக்கு எப்படிப் பொருந்தும்?

சங்கத்தில் மூன்று வழிகள் உண்டு என்பது உறுப்பினர்கள் அறிந்ததே. மூங்கில் வில்லில், இந்தியன் ரவுண்டில் கைபழகி வந்தவர்கள் ஒரு வழி. ரிகர்விலிருந்து மாறியவர்கள் இன்னொரு வழி. நிலையும் தோள் வரிசையும் அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியவை. நேரே காம்பவுண்டுக்கு வந்தவர்கள் மூன்றாவது. தமிழ்நாட்டு வில்வித்தைக்கு வாழ்நாளின் பெரும்பகுதியைத் தந்து 2025 மார்ச்சில் மறைந்த ஷிஹான் ஹுசைனி போன்ற முன்னோடிகளை மூன்று வழியினருமே வணங்குகிறார்கள்.

கட்டுரையாளர் வளர்ந்தது ரிகர்வ் வழியில், ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆசானிடம். அவர் வில்லைக் கையில் எடுப்பதற்கு முன் டேப்பை எடுப்பார். சுவரோரம் நிறுத்தி, இரு கைகளையும் விரித்து, விரல்நுனி முதல் விரல்நுனி வரை அங்குலத்தில் அளந்து இரண்டரையால் வகுப்பார். 67 அங்குலம் வந்தால் டிரா லெங்த், அதாவது இழுப்பு நீளம், 27-க்குச் சற்றுக் குறைவு. அதுவும் தொடக்கம்தான். முழு இழுப்பில் நாண் மூக்கு நுனியைத் தொடுகிறதா, முன்தோள் மேலேறுகிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்த்த பிறகே கேம் மாட்யூலை முடிவு செய்வார். அரை அங்குலம் கூடினாலும் மாணவர் பின்னால் சாய்வார்; சாய்ந்தவரின் அம்பு ஓரிடத்தில் விழாது.

இழுப்பு எடை அதற்குப் பிறகுதான். போட்டி விதி 60 பவுண்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை; வேட்டை வில்கள் பல 70 வரை போகும். 80 சதவீத லெட்-ஆஃப் (முழு இழுப்பில் குறையும் எடை) உள்ள 50 பவுண்டு வில்லை முழு இழுப்பில் தாங்க 10 பவுண்டு பலம் போதும். ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேர 50 பவுண்டையும் இழுத்தாக வேண்டும், 72 முறை. வில்லை வானத்துக்குத் தூக்காமல், இலக்குக்கு நேரே வைத்து இழுக்க முடியாதவருக்கு அந்த எடை கூடாது என்பது ஆசானின் சட்டம்.

வில்லின் நீளத்தையும் அவர் விடமாட்டார். வேட்டை வில்லில் ஆக்சிலுக்கு ஆக்சில் 30 அங்குலத்தைச் சுற்றி இருக்கும். போட்டி வில்லில் 36 முதல் 40 வரை. நீண்ட வில் கையின் சிறு பிழையைப் பொறுக்கும். ஆனால் கடைக்காரர் சொல்லும் வேகக் கணக்கில்தான் பிள்ளைகள் மயங்குகிறார்கள். அந்த எண் 70 பவுண்டு எடை, 30 அங்குல இழுப்பு, 350 கிரெய்ன் அம்பு என்ற கணக்கில் அளந்தது. 27 அங்குலம், 45 பவுண்டில் எய்யும் பூந்தமல்லிச் சிறுவனுக்கு அந்த எண்ணால் என்ன பயன்?

நாடு இந்தப் பிரிவில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2014 இன்சியான் ஆசியப் போட்டியில் காம்பவுண்டு நுழைந்தபோதே ஆண்கள் அணிக்குத் தங்கம். 2023-இல் பெர்லின் உலகப் போட்டியில் அதிதி சுவாமி 17 வயதில் தங்கம் வென்றார். அங்கேயே ஓஜஸ் தேவ்தலே ஆண்கள் இறுதியில் 150-க்கு 150. அதே ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் காம்பவுண்டின் ஐந்து தங்கங்களும் இந்தியாவுக்கே. 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு கலப்பு அணிப் போட்டி வருகிறது.

இவ்வளவு வந்த காலத்தில்தான் நம் பக்கத்துத் தரம் இறங்குகிறது என்பது மூத்தவர்களின் வேதனை. எந்தப் பயிற்சியாளரையும் குறித்து எழுதுவதல்ல இது. அவரவர்க்கு அவரவர் நெருக்கடி. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சேர்ந்த மாதத்திலேயே வில் வாங்கச் சொல்கிறார்கள். ஒருவர் அளவில் வாங்கிய வில்லை மூன்று பேர் இழுக்கிறார்கள். காகிதத்தில் எய்து கிழிசலைப் பார்த்து வில்லைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். நாண் எப்போது மாற்றியது என்று கேட்டால் குறிப்பேடு இல்லை. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லைப் போட்டுவிட்டு, நாண் நீண்டு அதிலுள்ள பீப் (குறிபார்க்கும் துளை) திரும்பியதும் வில்லைக் குறை சொல்கிறார்கள். அம்பு பூட்டாமல் நாணை விடக் கூடாது என்பதைக்கூட, லிம்பு பிளந்த பிறகுதான் சிலர் கற்கிறார்கள். முதுகுத் தசையால் இழுத்து ரிலீஸை விடுவிக்கப் பழகாமல், குறி பத்தைத் தொட்டதும் விரலால் தட்டுகிறார்கள். ஓராண்டில் குறி பயம் பிடித்துக்கொள்கிறது, பிறகு பிள்ளை மைதானத்துக்கே வருவதில்லை. பழைய நாள்களில் ரப்பர் பட்டையை இழுத்தே ஒரு பருவம் போகும். அந்தப் பொறுமையை இன்று கேட்டால் பெற்றோர் வேறு மைதானம் தேடுகிறார்கள். மதிப்பெண் அட்டையைப் புகைப்படம் எடுத்துப் போடுவதில் இருக்கும் அக்கறை, அம்புகளை ஒவ்வொன்றாக எடை பார்ப்பதில் இல்லை.

செயற்குழுவிடம் ஒரு வேண்டுகோள். முன்பிருந்தபடி, புதியவர் சங்க வில்லில் ஒரு பருவம் எய்த பிறகே சொந்த வில் வாங்கலாம் என்ற வழக்கம் திரும்ப வேண்டும். வாங்கும் நாளில் மூத்தவர் ஒருவர் டேப்போடு உடன் போக வேண்டும். அளவுகளை எழுதிய அட்டை ஒவ்வோர் உறுப்பினரின் அம்புப் பையிலும் இருக்க வேண்டும்.