சாய்த்தாலும் கலங்காத படம்

தேயிலை மலையை எடுத்த படமொன்றைச் சற்றே சாய்த்துத் திரையில் வைத்தால், சாய்த்தவரின் கைப்பக்குவம் உடனே தெரிந்துவிடும். மூடுபனி எதையும் காட்டிக்கொடுக்காது. இலங்கை மலையகத்தின் சென்கிளேயார் நீர்வீழ்ச்சியும் அப்படித்தான்; எவ்வளவு மங்கினாலும் நுரை நுரையாகவே இருக்கும். காட்டிக்கொடுப்பவை கொழுந்து பறிக்கும் நிரைகளும் லயத்துக் கூரையின் தகர நெளிவுகளும். மெல்லிய கோடுகள், ஏறக்குறைய ஒரே இடைவெளி, வெளிச்சத்தை ஒட்டியே நிழல். ஐந்து பாகை சாய்த்தவுடன் நிரைகள் ஒன்றோடொன்று கலந்து வெறும் பச்சையாகிவிட்டால் வேலை சரியில்லை. கூரையின் விளிம்பு படிக்கட்டாக உடைந்தாலும் சரியில்லை. இரண்டும் நேராமல் படம் தெளிவாக நிற்கிறதென்றால், அதன் பின்னால் ஒருவர் உட்கார்ந்து நெடுநேரம் யோசித்திருக்கிறார். பழைய உலாவிகளின் காலத்தில் இது சிறிய சாதனை இல்லை.

2009, 2010 வாக்கில் இணையப் பக்கங்களில் படங்களைச் சாய்த்து வைப்பது ஒரு மோகமாக இருந்தது. வெள்ளைக் கரை போட்ட நிழற்படங்களை மேசையில் பரப்பியது போன்ற தோற்றம். தேர்த் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் மாலை, எல்லாவற்றுக்கும் அந்தச் சாய்வு பொருந்தியது. ஆனால் ஹட்டன் நகரத்துக் கொமியூனிகேஷன் கடையில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினியில் அதே பக்கத்தைத் திறந்தால் வேறு படம் தெரியும்: சாயாமலோ, சாய்ந்து மங்கியோ.

சாய்வு ஏன் மங்கலைக் கூட்டிவருகிறது? திரையில் தெரியும் படம் என்பது சதுரப் புள்ளிகளின் கட்டம். 90, 180, 270 பாகை திருப்பினால் ஒவ்வொரு புள்ளியும் இன்னொரு சதுரத்தில் சிந்தாமல் போய் அமர்ந்துகொள்ளும். ஐந்து பாகைக்கு அந்த வசதி கிடையாது. புதிய கட்டத்தின் ஒரு புள்ளிக்கு நிறம் தேடிப் பழைய படத்துக்குப் பின்னோக்கிக் கணக்கிட்டால், நான்கு புள்ளிகளுக்கு இடையே எங்கோ ஓரிடத்தில் போய் நிற்போம். அங்கே நிறமே இல்லை. ஊகிக்கத்தான் வேண்டும். கிட்ட இருக்கும் ஒரு புள்ளியை அப்படியே எடுத்துவைத்தால் கூர்மை மிஞ்சும், விளிம்பு படிக்கட்டாகும். நான்கையும் தூரத்துக்கேற்பக் கலந்தால் படிக்கட்டு போகும், நிரைகளும் போகும். பதினாறு புள்ளிகளைப் பார்க்கும் பைகியூபிக் முறைக்கு 1981இல் ராபர்ட் கீஸ் எழுதிய கட்டுரை அடித்தளம். தள்ளியிருக்கும் புள்ளிகளுக்கு அவர் எதிர்மறை எடை கொடுத்தார். அதனால் கோட்டின் இருபுறமும் ஒளி வேறுபாடு சற்றே எடுப்பாகி, கண்ணுக்குக் கூர்மையாகப் படுகிறது. அந்த எடுப்பு மிஞ்சினால் விளிம்பைச் சுற்றிப் போலி ஒளிவளையம் தோன்றும். மங்கல், படிக்கட்டு, ஒளிவளையம் மூன்றுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை 1988இல் டான் மிச்செலும் பம்பாய் ஐஐடியில் படித்த அருண் நேத்ராவலியும் ஆராய்ந்தார்கள். சூத்திரத்தோடு நிறுத்தாமல், படங்களைத் தேர்ந்த கண்களிடம் காட்டி எது நன்றாயிருக்கிறது என்று கேட்டுத் தீர்மானித்தார்கள். கணிதம் ரசனையிடம் தீர்ப்புக் கேட்ட அந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அதைவிடவும் பிடித்தது 1986இல் ஆலன் பேத் காட்டிய வழி. படத்தைச் சுழற்றவே வேண்டாம், மூன்று முறை சரித்தால் போதும் என்றார் அவர். முதலில் கிடைவரிகளை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும், மேலே போகப் போகக் கூடுதலாக. அடுத்து நெடுவரிகளை மேலும் கீழுமாக. பிறகு மறுபடி கிடைவரிகளை. முதலும் கடைசியும் பாதிக் கோணத்தின் டேன்ஜென்ட் அளவு, நடுவில் கோணத்தின் சைன் அளவு. முடிந்ததும் படம் சரியாக அந்தக் கோணத்தில் சாய்ந்து நிற்கிறது! நகர்வுகளை முழுப் புள்ளிகளாக வைத்துக்கொண்டால் ஒரு புள்ளிகூடத் தொலையாது, ஒன்றும் இரட்டிக்காது. அதே மூன்று படிகளைத் தலைகீழாகச் செய்தால் மூலப்படம் பழுதின்றித் திரும்பக் கிடைக்கும். விளிம்பு கொஞ்சம் முரடாக இருக்கும், உண்மைதான். இருந்தாலும் இழப்பே இல்லாத ஒரு சாய்வு சாத்தியம் என்பதைக் காட்டிய அழகான சிந்தனை இது.

உலாவிகளில் வேலை செய்தவர்களுக்கு இந்தச் சுதந்திரம் இருக்கவில்லை. எந்த ஊகமுறை என்பதைப் பெரும்பாலும் உலாவியே முடிவுசெய்தது. சஃபாரி 3.1 2008இலும் பயர்பாக்ஸ் 3.5 2009இலும் சாய்வுக் கட்டளையை ஏற்றன. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு 2011இல் ஒன்பதாம் பதிப்பு வரும்வரை அது தெரியாது. அதற்கு முந்தியவற்றில் மேட்ரிக்ஸ் என்ற வடிகட்டிதான் வழக்கமான வழி. ஐந்து பாகைக்கு 0.9962, 0.0872 என்று கோசைனையும் சைனையும் கணக்கிட்டு, குறி பிசகாமல் நான்கு இடங்களில் எழுத வேண்டும். எழுதியதும் படம் நடுவைப் பிடித்துச் சுழலாமல் இடம் பெயர்ந்துவிடும். ஓரங்களைத் திருத்தி இழுத்துவர வேண்டும். வடிகட்டிக்குள் அகப்பட்ட எழுத்து மென்மையை இழந்து பிசிறடிக்கும் என்பதால், அறிந்தவர்கள் படக்குறிப்பைச் சாயும் பெட்டிக்கு வெளியே எழுதினார்கள். ஆறாம் பதிப்புக்கு ஒளிபுகும் மூலைகளைக் கொண்ட பிஎன்ஜி படமும் ஆகாது. சாய்ந்த படத்தின் நான்கு மூலைகளிலும் பக்கத்தின் பின்னணி நிறத்தை முன்கூட்டியே பூசி அனுப்பியவர்களை நான் மனதாரப் பாராட்டுவேன்.

அக்காலத்தின் புதிய உலாவிகளில் சிக்கல் நுட்பமானது. விளிம்பு பல்பல்லாகத் தெரிந்தால், பயர்பாக்ஸுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் கரை போட்டால் போதும். குரோமுக்கும் சஃபாரிக்கும் சொல்லப்பட்ட மருந்து இன்னும் விசித்திரம்: படத்தின் முதுகைக் காட்டாதே என்று ஒரு வரி. தட்டைப் படத்துக்கு ஏது முதுகு? ஆனால் அந்த வரியைக் கண்டதும் உலாவி படத்தைத் தனி அடுக்காக்கி வரைகலை அட்டையிடம் ஒப்படைக்கும். அட்டை விளிம்பை வழவழப்பாக்கித் தரும். நான் இதைக் குறுக்குவழி என்று ஒதுக்கமாட்டேன். இயந்திரம் எதைக் கேட்டால் எதைச் செய்யும் என்று பொறுமையாகக் கவனித்தவரால்தான் இப்படிப் பேச முடியும். மருந்துக்குப் பின்விளைவும் உண்டு. அட்டை அந்த அடுக்கை முதலில் வரைந்த அளவிலேயே வைத்துக்கொள்வதால், சுட்டியைக் கொண்டுபோனதும் பெரிதாகும் படம் மங்கிப்போகும். பெரிய அளவில் வரையச் செய்து, சுருக்கிக் காட்டி, தேவைப்படும்போது இயல்பளவுக்கு விடுவது இதற்கான விடை. பெட்டியின் இடம் அரைப் பிக்சலில் விழுந்தால் நேராக நிமிர்ந்த படமும் கலங்கியே நிற்கும். அகல உயரங்களை இரட்டை எண்களாக வைத்தவர்கள் பெரும்பாலும் அதிலிருந்து தப்பினார்கள்.

இங்கே ஒருவரைச் சொல்லியாக வேண்டும். மங்கலையே கலையாக்கிய ஜூலியா மார்கரெட் கேமரன் நம் மலையில்தான் உறங்குகிறார். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, 48 வயதில் முதல் கமெராவைப் பெற்று, 1875இல் கணவர் சார்ல்ஸ் ஹே கேமரனுடன் இலங்கைக்கு வந்தவர். கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழு என்று பாடசாலையில் படித்தோமே, அந்தக் கேமரன்தான் கணவர். களுத்துறையில் அங்குள்ள குடியானவர்களையும் படமெடுத்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் இருக்கிறது. அவருடைய உருவப்படங்கள் தெளிவில்லை என்று அக்காலத்து நிழற்படக்காரர்கள் குறை சொன்னார்கள். உற்றுப் பாருங்கள்: அந்த மென்மை எங்கும் ஒரே அளவில் இல்லை. கன்னத்தில் விழும் ஒளி ஓரளவு தெளிவாக இருக்கும், தலைமுடியும் தோளும் மெல்லக் கரையும். உலாவியின் மங்கல் அப்படித் தேர்ந்தெடுப்பதில்லை. கண்ணுக்கும் சுவருக்கும் ஒரே பூச்சு. கேமரனின் படத்தை அஜாக்கிரதையாகச் சாய்த்தால் முகத்தின் மென்மைக்கு ஒன்றும் ஆகாது. தட்டில் பூசிய கொலோடியன் வழிந்த தடமும் அதில் விழுந்த கீறலுந்தான் முதலில் அழியும். அவர் கைபட்ட அடையாளங்கள் அவை.

எல்லாச் சங்கடத்துக்கும் நேரான விடை ஒன்று இருந்தது: படத்தை நல்ல மென்பொருளில், மூலத்திலிருந்து ஒரே தடவை சாய்த்து அப்படியே சேமித்துவிடுவது. பழைய உலாவியில் அதைவிடத் தெளிவு கிடைத்திருக்காது. சாய்த்ததைத் திரும்பச் சாய்த்தவர்கள்தான் கெட்டார்கள். வழக்கமான முறைகளில் ஒவ்வொரு சாய்வும் புதிய ஊகம், ஐந்து பாகை போய் ஐந்து பாகை திரும்பினாலும் பழைய நிரை திரும்பாது. ஆயினும் என் வாக்கு அந்தத் தொல்லைபிடித்த மருந்துகளோடு போராடியவர்களுக்கே. அவர்கள் படத்தைத் தொடவில்லை. இரு மடங்கு அளவில் மூலத்தை வைத்துச் சாய்வை ஓர் எண்ணாக மட்டும் எழுதினார்கள். 2022 ஜூன் 15இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. முதுகு மறைக்கும் வரிக்கும் இப்போது அவசியம் குறைவு. எடுத்துவிடலாம், கைப்பேசியின் நினைவகமாவது மிஞ்சும். சாய்த்துச் சேமித்த படங்கள் 2010இன் புள்ளிகளோடு நின்றுவிட்டன. எண்ணாக எழுதிய சாய்வுகளோ, இரு மடங்கு நெருக்கமான இன்றைய கைப்பேசித் திரையில், யாரும் கைவைக்காமலே அன்றைவிடக் கூர்மையாகத் தெரிகின்றன.