ஓடாதிருக்கும் உரிமை

வெற்றியின் படங்கள் பெரும்பாலும் எல்லைக்கோட்டிலேயே எடுக்கப்படுகின்றன. கடந்து வந்த பாதையின் இருளையும் வலியையும் அவை நமக்குக் காட்டுவதில்லை. எனவே ஒரு படம் சொல்வதைக் கேட்பதோடு அது சொல்லாமல் விட்டதையும் கேட்டறிவது நல்ல வாசகனின் கடமையாகிறது. தாய்மையையும் ஓட்டத்தையும் ஒருசேரப் போற்றும் சில படங்களையும் சாட்சியங்களையும் இந்த நோக்கில் வாசித்துப் பார்ப்போம்.

முதலாவது, 2007 நவம்பர் 4 அன்று நியூயார்க் நகரில் எடுக்கப்பட்ட படம். மாரத்தான் ஓட்டத்தில் முதலிடம் பெற்ற இங்கிலாந்து வீராங்கனை பவுலா ராட்கிளிஃப், ஓட்டம் முடிந்தவுடன் தம் மகளைக் கையில் ஏந்தி நிற்கிறார். அக்குழந்தை பிறந்தது அதே ஆண்டு ஜனவரி 17இல். பத்து மாதமும் நிறையாத சிசுவின் தாய், 42 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவை 2 மணி 23 நிமிடங்களில் ஓடி முடித்திருந்தார். உலகமெங்கும் நாளிதழ்கள் இந்தப் படத்தை வெளியிட்டன. ‘தாயானால் வீராங்கனையின் வாழ்வு முடிந்துவிடும்’ என்ற பழைய எண்ணத்தைப் பல கட்டுரைகளைவிட வலிமையாக மறுத்த படம் அது. அந்த வகையில் அதன் பெருமையை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் படத்துக்கு முந்தைய பக்கங்களையும் புரட்ட வேண்டும். நியூயார்க் வெற்றிக்கு ஐந்து வாரங்களுக்கு முன், செப்டம்பர் 30 அன்று, இங்கிலாந்தின் வடபகுதியில் நியூகாசில் நகரிலிருந்து சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரை வரை நடைபெறும் ‘கிரேட் நார்த் ரன்’ என்னும் அரைமாரத்தானில், அதாவது 21.1 கிலோமீட்டர் ஓட்டத்தில், அவர் பங்கேற்றார். மகப்பேற்றுக்குப் பின் அவர் களம் இறங்கிய முதல் பெரும் போட்டி அது. அதில் அவர் இரண்டாம் இடமே பெற்றார். ஏறத்தாழ ஒரு நிமிட இடைவெளியில் அவரை முந்தியவர் காரா கவுச்சர் என்னும் அமெரிக்கப் பெண். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

அந்த அரைமாரத்தானுக்கும் முந்தைய பக்கம் ஒன்று உண்டு. நீண்ட பிரசவ வேதனைக்குப் பின் மகளைப் பெற்றெடுத்த ராட்கிளிஃப், பன்னிரண்டே நாட்களில் மீண்டும் மெல்ல ஓடத் தொடங்கினார். விளைவு, முதுகெலும்பின் அடியிலுள்ள எலும்பில் விரிசல். மாதக்கணக்கில் அவரால் முழுமையாகப் பயிற்சி செய்ய இயலவில்லை. நியூயார்க் படத்தில் நாம் காணும் புன்னகைக்கும் அந்த விரிசலுக்கும் இடையே உள்ள காலத்தை எந்தக் கேமராவும் பதிவு செய்யவில்லை.

பேறுகாலம் முடிந்த உடல் எத்தகையது என்பதைத் தாய்மார்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது மாதம் சுமையைத் தாங்கிய இடுப்படித் தசைகள் தளர்ந்திருக்கும். விரிந்த வயிற்றுத் தசைகள் ஒன்றுசேரக் காலம் பிடிக்கும். வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்திருந்தால் அந்தக் காயமும் ஆற வேண்டும். பால் கொடுக்கும் உடலுக்குக் கூடுதல் உணவும் நீரும் தேவை; உறக்கமோ துண்டு துண்டாகத்தான் வாய்க்கும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட விசை கால்வழியே மேலேறுகிறது. இக்காரணங்களால், 2019ஆம் ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டி நெறி, பேற்றுக்குப் பின் மூன்று மாதங்களுக்கு முன்பாக ஓட்டத்துக்குத் திரும்புவதைப் பரிந்துரைப்பதில்லை. மூன்று மாதம் என்பது மெல்ல ஓடத் தொடங்குவதற்கான காலமே. அரைமாரத்தான் போட்டியில் முழு வேகத்தில் ஓடுவதற்கான காலமன்று.

இனி காரா கவுச்சரிடம் வருவோம். 2007இல் எதிரெதிரே ஓடிய இவ்விரு பெண்களும் 2010இல் ஒரே காலத்தில் கருவுற்றிருந்தார்கள். அந்தச் செப்டம்பரில் நான்கு நாள் இடைவெளியில் இருவரும் ஆண்மகவு ஈன்றார்கள். வெளியுலகம் இதை இனிய தற்செயலாகக் கண்டு மகிழ்ந்தது. உள்ளே நடந்தது வேறு. கவுச்சருக்கு ஊதியம் வழங்கி வந்தது காலணி தயாரிக்கும் நைக்கி நிறுவனம். மீண்டும் போட்டியில் ஓடும்வரை ஊதியம் இல்லை என்று அந்நிறுவனம் தமக்குத் தெரிவித்ததாகவும், அப்போது தாம் ஏற்கெனவே கருவுற்றிருந்ததாகவும் அவர் பின்னாளில் கூறினார். ஆகவே பேற்றுக்கு மூன்று மாதங்களுக்குப் பின் வரும் ஓர் அரைமாரத்தானுக்குப் பெயர் கொடுத்தார். இடையில் கைக்குழந்தை கடும் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது. குழந்தையின் அருகிலிருப்பதா, ஊதியத்தை மீட்டுத்தரும் ஓட்டத்துக்குப் பயிற்சி செய்வதா? பிள்ளையை மருத்துவமனையில் விட்டுவிட்டு அவர் ஓடச் சென்றார். அதற்காகத் தம்மைத் தாமே என்றும் மன்னிக்க முடியாது என்றும் சொன்னார்.

இந்தச் சாட்சியம் வெளிவந்தது 2019 மே 12இல், நியூயார்க் டைம்ஸ் நாளிதழில். அமெரிக்காவில் அன்று அன்னையர் நாள். எட்டு மாதக் கர்ப்பிணியாக 2014இல் தேசியப் போட்டியில் ஓடிய அலிசியா மொன்டானோ முன்னின்று பேசிய குறும்படமும் கட்டுரையும் அவை. பின்னர் 2023இல் மேரி பைலன் என்னும் இதழாளரின் துணையோடு கவுச்சர் தம் வரலாற்றை நூலாக்கினார். ‘தி லாங்கெஸ்ட் ரேஸ்’, அதாவது ‘மிக நீண்ட ஓட்டம்’, என்பது அதன் பெயர்.

அந்நூல் துணிவானது, பயிற்சிக் குழு ஒன்றின் உள்ளே நிகழ்ந்த அநீதிகளை ஒளிவுமறைவின்றி உரைக்கிறது. எனினும் அதில் ஒரு குறை நமக்குத் தோன்றுகிறது. பயிற்சியாளரையும் நிறுவனத்தையும் பற்றிய பெருங்குற்றச்சாட்டுகளின் நடுவே, பேற்றுக்குப் பிந்தைய மாதங்கள் பலவற்றுள் ஒரு குற்றச்சாட்டாகச் சுருங்கிவிடுகின்றன. வாசகரின் சினம் ஒரு நிறுவனத்தின் மீது பாய்ந்து அங்கேயே தணிந்துவிடும் அபாயம் உண்டு. கேள்வியோ அதனினும் பெரியது. அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் பேறுகாலத்துக்கு 12 வார விடுப்பு அளிக்கிறது. அதுவும் ஊதியமின்றி, அதுவும் எல்லாத் தொழிலாளருக்கும் அன்று. ஓட்டக்காரரோ தொழிலாளர் என்ற கணக்கிலேயே வராத ஒப்பந்தக்காரர். ஒரு நிறுவனம் திருந்தினாலும் அந்த நிலம் அப்படியேதான் இருக்கும்.

இங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. 2011 ஏப்ரலில், பேற்றுக்கு ஏழு மாதங்களுக்குள், கவுச்சர் பாஸ்டன் மாரத்தானில் ஐந்தாம் இடம் பெற்றார். அதுவே அவர் அதுவரை ஓடிய மாரத்தான்களுள் மிக வேகமானது. எல்லைக்கோட்டில் நின்று பார்த்தவருக்கு இது நியூயார்க் படத்தின் மறுபதிப்பாகவே தோன்றியிருக்கும். ‘தாய்மையையும் சாதனையையும் ஒருங்கே வென்றவர்’ என்ற அதே வாசகத்தை இவருக்கும் எழுதியிருக்கலாம். வெற்றியின் படம் எவ்வளவு எளிதில் உண்மையை மறைத்துவிடுகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்றாவது படம் 2018ஆம் ஆண்டுக்குரியது. ஆல்ப்ஸ் மலையில் மான்ட் பிளாங்க் சிகரத்தைச் சுற்றி ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஓடும் போட்டியின் நடுவே, இத்தாலியின் கூர்மேயர் ஊரில், சோஃபி பவர் என்னும் ஆங்கிலேயப் பெண் தம் மூன்று மாதக் குழந்தைக்குப் பாலூட்டுகிறார். அருகே இன்னொரு ஓட்டக்காரர் களைத்துச் சாய்ந்து கிடக்கிறார். இதனைத் தாய்மையின் ஆற்றலுக்குச் சிகரமாகப் பலர் கொண்டாடினர். ஆனால் அவர் அந்த ஆண்டே ஓட நேர்ந்ததன் காரணம் படத்தில் இல்லை. முன்பொரு முறை கருவுற்றிருந்தபோது தமக்குக் கிடைத்த இடத்தை அவர் இழந்திருந்தார். அன்று காயமுற்றவர் தம் இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க முடிந்தது; கருவுற்றவருக்கு அந்தச் சலுகை இருக்கவில்லை. மீண்டும் ஒருமுறை இடத்தை இழக்க மனமின்றியே அவர் ஓடினார். இதை அறிந்தபின் அதே படம் புகழுரையாக இராமல் புகார்மனுவாகிவிடுகிறது.

‘கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டம் எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியை நாம் ஏற்பதற்கில்லை. ஓட்டம் இவர்களுக்குத் தொழில். தொழிலுக்கும் மேலாக உயிர்ப்பு. உடல் தேறிய பின், மனம் விரும்பி, பிள்ளையைப் பாதுகாப்பான கைகளில் விட்டு ஒரு தாய் 21 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தால் அந்த வீடு மகிழத்தான் வேண்டும். பிள்ளை பெற்ற சில மாதங்களிலேயே தந்தையொருவர் போட்டியில் ஓடினால் எவரும் அவரைக் கேள்வி கேட்பதில்லை என்பதையும் நினைவில் கொள்வோம்.

வேறு சிலர், ‘எத்தகைய தியாகம்!’ என்று வியப்பர். இவர்களோடுதான் நமக்குப் பெரும் வழக்கு. தியாகம் என்பது தானாகக் கொடுப்பது. கொடுக்காதிருக்கும் உரிமை உள்ளவர் கொடுத்தாலன்றி அதற்குத் தியாகம் என்ற பெயர் பொருந்தாது. ஊதியத்தைப் பணயமாக வைத்து வாங்கப்பட்டது பறிப்பு. பறிக்கப்பட்டதைத் தியாகம் என்று புகழ்ந்தால், பறித்தவருக்கு நாமே பாவமன்னிப்பு வழங்கியவர்களாகிறோம். பறிகொடுத்தவரோ தம்மை மன்னிக்க முடியாமல் தவிக்கிறார். நோயுற்ற பிள்ளையை விட்டு ஓடிய தாய் சுமக்கும் குற்றவுணர்வு, அவரை ஓடவைத்தவர்கள் சுமந்திருக்க வேண்டியதன்றோ?

அச்சாட்சியங்கள் வெளிவந்த அதே ஆண்டில் நைக்கி நிறுவனம் தன் ஒப்பந்தங்களை மாற்றியது. கருவுற்ற வீராங்கனையின் ஊதியத்தை 18 மாத காலம் குறைப்பதில்லை என்று அறிவித்தது. சில பெண்கள் வாய்திறந்து பேசியதால் விளைந்த மாற்றம் இது. எத்தனை படங்கள் புன்னகைத்தும் செய்யாததை ஒரு கண்ணீர்ச் சாட்சியம் செய்தது.

ஆகவே, குழந்தை பெற்ற சில மாதங்களில் நெடுந்தொலைவு ஓடிய தாயின் படத்தையோ கதையையோ இனிக் காணும்போது, ‘எத்தனை விரைவில் திரும்பினார்?’ என்ற கேள்வியை நாம் சற்றே ஒதுக்கி வைப்போம். ‘இவர் ஓடாமல் இருந்திருந்தால் எதை இழந்திருப்பார்?’ என்று கேட்போம். எதையும் இழந்திருக்கமாட்டார் என்பது விடையானால், மனமாரக் கைதட்டுவோம். வீட்டின் அடுப்பு அணைந்திருக்கும் என்பது விடையானால், கைதட்டலை நிறுத்திவிட்டு, அந்த விதியை எழுதியவர் யார் என்று தேடுவோம்.