பேனாவில் ஓடும் சிவப்புக் கோடு

லேத்தில் கடைந்த ஈட்டிமரப் பேனாவில் மெல்லிய சிவப்பு வளையம் ஒன்று சாய்வாக ஓடினால், கண் அங்கேயே நின்றுவிடுகிறது. மரத்துக்கு இடையில் ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டுதான் அந்தச் சிவப்பு; அதைத் தேடிப் பிடிப்பதே தனிக் கலை. பழைய ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ. தடிமன், அளவு கச்சிதம். ஆனால் நிறம் மேலே மட்டும்தான், வெட்டிய விளிம்பு பெரும்பாலும் வெள்ளை. பேனாவில் தெரிவதோ விளிம்புதான். பாலிபுரோப்பிலீன் ஃபைல் உறை உள்ளும் புறமும் ஒரே நிறம். பசைதான் அதில் பிடிக்காது. நிறம், பசை இரண்டிலும் தேறுபவை நிறமேற்றிய அக்ரிலிக், ஸ்டைரீன் தகடுகள். தகட்டை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மரத்தைச் சாய்வாக அறுத்து, இடையில் வைத்து எபாக்ஸியால் ஒட்டுவார்கள். துளையிடும்போது சூடேறினால் பிளாஸ்டிக் இளகிவிடும். நிறுத்தி நிறுத்தித்தான் துளைக்க வேண்டும். கடைந்து முடித்தபின் விரலால் தடவினால் இணைப்பு தட்டுப்படக் கூடாது. இத்தனை பொறுமையும் ஒரே ஒரு கோட்டுக்காக. அந்த அழகுக்கு அது தகும்.