பஜனையில் பின்பாட்டை ரசிப்பது எப்படி?

நவி மும்பையின் நெருளில் ராதா கல்யாண நோட்டீஸ் ஒட்டியதும் எல்லோரும் முதலில் கேட்பது, "இந்த வருஷம் எந்த பாகவதர்?" என்றுதான். நியாயமான கேள்வி. அவர் பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். அவரைச் சுற்றி இரண்டு வரிசையாக உட்கார்ந்து, அவர் பாடும் ஒவ்வொரு அடியையும் வாங்கித் திருப்பிப் பாடப்போகிறவர்களின் பெயர் நோட்டீஸில் எங்கும் இருக்காது. பஜனையில் பாதிப் பாட்டு அவர்களுடையது. அந்தப் பாதிக்குப் பின்பாட்டு என்று பேர். பல வருடம் பஜனைக்குப் போகிறவர்கள்கூட அதைத் தனியாகக் கவனித்துக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கத் தொடங்கிவிட்டால் பஜனையே வேறு விதமாகக் கேட்கும்.

முதலில் உட்காரும் இடத்தை மாற்றுங்கள். பாகவதருக்கு நேர் எதிரே, ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்தால் மைக் பிடித்த குரல் மட்டும்தான் காதில் விழும். பின்பாட்டு வரிசை முடியும் இடத்தில், அவர்களுக்குப் பக்கவாட்டில் ஜமக்காளம் விரித்திருக்கும் ஓரத்தில் உட்காருங்கள். மிருதங்கமும் ஜால்ராவும் கொஞ்சம் தள்ளிப் போய், மனிதக் குரல்கள் முன்னால் வரும். நேரத்துக்கும் போய்விடுங்கள். பஜனையைத் தொடங்கும் தோடய மங்களத்தை நாட்டை ராகத்தில் எடுக்கும்போது அங்கே இருப்பது முக்கியம். வேலையிலிருந்து வந்த குரல்கள் ஒன்றோடொன்று இன்னும் சேராமல் இருக்கும் நேரம் அது. குரு தியானம் முடிந்து அஷ்டபதிக்கு வருவதற்குள் அவை எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்பதைக் கேட்பதே தனி சுகம்.

ஒட்டிக்கொள்வதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஆண் பாகவதர் என்றால் சுருதி பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டைக்குள் இருக்கும். பெண்களுக்கு இயல்பானது ஐந்து, ஐந்தரை. இரண்டு பேரும் ஒரே பாட்டை எப்படிப் பாடுவது? பாகவதர் கீழே இறங்கும்போது பெண் குரல்கள் ஒரு ஸ்தாயி மேலே நின்றுகொள்ளும். அவர் மேல் ஷட்ஜத்துக்கு ஏறும்போது சத்தமில்லாமல் அவருடைய ஸ்தாயிக்கே வந்து சேர்ந்துகொள்ளும். இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வரிசையில் மூத்தவர் மாறும் இடத்தில் மற்றவர்களும் மாறுகிறார்கள். அனுபல்லவி வரும் இடங்களில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், பிடிபடும்.

அடுத்தது மூச்சு. தனியாகப் பாடுகிறவர் மூச்சு வாங்கினால் பாட்டு அங்கே நிற்கத்தான் வேண்டும். நல்ல பின்பாட்டில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்க மாட்டார்கள். ஒருவர் விடும் இடத்தை அடுத்தவர் குரல் மூடும். நாமாவளி முதல் காலத்திலிருந்து மேல்காலத்துக்குப் போகும்போது இது உச்சத்தில் இருக்கும். பாகவதர் நாமத்தின் கடைசி எழுத்தை முடிப்பதற்கு முன்பே பின்வரிசை முதல் எழுத்தை எடுத்திருக்கும். அந்த அரை நொடி மேல்விழுதலில்தான் பஜனையின் வேகம் பிறக்கிறது. எடுப்பு ஒரு கணம் தாமதித்தால்கூட வேகம் விழுந்துவிடும். மிருதங்கம் எவ்வளவு தட்டினாலும் தூக்க முடியாது.

எங்கள் பக்கத்து வரிசையில் ஒரு மாமி இருக்கிறார். கோட்டைப் பகுதியில் ஒரு வங்கியில் வேலை. வீட்டில் வயதான மாமியார், பத்தாவது படிக்கும் பையன். வார நாளில் பஜனை வைத்தால் ஏழரைக்கு மேல்தான் அவரால் வர முடியும். கைப்பையோடு நேராக வந்து வரிசைக் கோடியில் உட்கார்ந்து, நோட்டைத் திறக்காமலே ஓடிக்கொண்டிருக்கும் நாமாவளிக்குள் நுழைந்துவிடுவார். தாளத்தில் எந்த இடம் என்று தேடுவதில்லை. "எப்போ மாமி பிராக்டீஸ் பண்றேள்?" என்று ஒருநாள் கேட்டேன். "மான்குர்த் தாண்டினா லேடீஸ் டப்பாவுல உட்கார இடம் கிடைக்கும். வாஷி பாலத்துலேர்ந்து நெருள் வரைக்கும் நோட்டுதான்" என்றார்.

எட்டரைக்கு மாமியாருக்குச் சாப்பாடு போட்டு மாத்திரை கொடுக்க வேண்டும். தரங்கம் நடுவில் எழுந்து போவார். அப்போது வரிசையைக் கவனியுங்கள். பக்கத்தில் இருக்கிறவர் குரலைக் கொஞ்சம் கூட்டுவார், மூச்சு வாங்கும் இடத்தைத் தள்ளிப்போடுவார். பாட்டில் ஓட்டை விழாது. இருபது நிமிஷம் கழித்து மாமி திரும்பி வந்ததும் அந்தக் குரல் பழைய அளவுக்கு இறங்கும். வேலையும் வீடும் இழுக்கிற இழுப்புக்கு நடுவே பாடுகிறவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது இப்படித்தான். மேடைக் கச்சேரியில் இதைக் கேட்க முடியாது.

வாய்ப்புக் கிடைத்தால் அவர்களுடைய நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரே மாலையில் ஜெயதேவரின் சமஸ்கிருதம், பத்ராசலம் ராமதாசரின் தெலுங்கு, புரந்தரதாசரின் கன்னடம், கோபாலகிருஷ்ண பாரதியின் தமிழ், துக்காராமின் மராத்தி, மீராவின் பாட்டு என்று எல்லாம் வரும். பலருக்கு அதில் இரண்டு மூன்று மொழிதான் தெரியும். எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி, க, ச, த, ப மேல் 2, 3, 4 என்று பொடி எண் போட்டு வைத்திருப்பார்கள். இரண்டு முறை பாட வேண்டிய அடிக்குப் பக்கத்தில் கோடு. பாகவதர் வழக்கமாகச் சங்கதி போடும் இடத்தில் பென்சில் புள்ளி, "அவசரப்படாதே" என்று அர்த்தம். இப்போது பலரும் செல்போனில் பி.டி.எஃப். பார்த்துப் பாடுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் பென்சில் புள்ளிகளில் இருக்கிற அனுபவம் அதில் இல்லை.

பஜனைப் பாட்டுகளின் இந்த வரிசைமுறை காவிரிக் கரையில் உருவானது. கோவிந்தபுரம் போதேந்திரர், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆகிய மூவரையும் குரு தியானத்தில் வணங்கிவிட்டுத்தான் மேலே போவார்கள். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தஞ்சையை ஆண்டவர்கள் மராத்தியர்கள். அவர்களோடு சமர்த்த ராமதாசரின் சீடர்களும் மடங்களும் அபங்கங்கள் என்னும் மராத்திப் பக்திப் பாட்டுகளும் தஞ்சைக்கு வந்தன. பண்டரிபுரத்துப் பாட்டு தமிழ் பஜனைக்குள் அப்படித்தான் நுழைந்தது. பின்னால் பிழைப்புத் தேடி பம்பாய்க்கு வந்த தமிழர்கள் அதே அபங்கத்தை அது பிறந்த மண்ணுக்கே கொண்டுவந்து பாடுகிறார்கள். மாட்டுங்காவின் ஆஸ்திக சமாஜம், பஜன சமாஜம், செம்பூரின் கோயில்கள் என்று இந்தப் பஜனை பரவி, 1970-களில் சிட்கோ என்ற அரசு நிறுவனம் உருவாக்கத் தொடங்கிய நவி மும்பைக்கும் வந்து சேர்ந்தது. 1992-இல் வாஷி கடற்கழிமேல் ரயில் ஓடத் தொடங்கியபின் இங்கே குடிவருவது சுலபமாயிற்று. 1932-இல் மாட்டுங்காவில் தொடங்கிய சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி நெருளில் ஒரு வளாகம் அமைத்ததும் இதே பாதையில்தான்.

ஆகவே நெருளில் அபங்கம் வரும்போது நிமிர்ந்து உட்காருங்கள். வாரகரிகள் ஆஷாட ஏகாதசிக்கு தேஹுவிலிருந்தும் ஆளந்தியிலிருந்தும் பல்லக்கோடு பண்டரிபுரத்துக்கு நடக்கும்போது பாடுவதைக் கேட்டிருந்தால் வித்தியாசம் உடனே தெரியும். அங்கே நடைதான் தாளம். கையில் தாளம் பிடித்த வரிசை காலை எடுத்து வைத்து, உச்ச ஸ்தாயியில் திறந்த குரலில் பாடும். நம் பின்பாட்டில் அதே அபங்கம் கர்நாடக ராகத்தின் கமகத்தோடு கொஞ்சம் வளைந்து வரும். மராத்திக்காரப் பக்கத்து வீட்டம்மா வந்து உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. "விட்டல" என்ற நாமம் வரும்போது அவர் தனக்குப் பழகிய மெட்டில் நேராகப் பாடுவார், நம்மவர்கள் வளைத்துப் பாடுவார்கள். முதலில் உரசும். மேல்காலம் வந்ததும் வளைவெல்லாம் கழன்று எல்லோரும் ஒரே நேர்கோட்டில் வந்துவிடுவார்கள். நெருள் பஜனையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தஞ்சாவூரில் எவ்வளவு பெரிய பாகவதர் பாடினாலும் இந்தச் சேர்க்கை கிடைக்காது.

கூட்டாகப் பாடுவதற்கு வேறு வழிகளும் இந்த நகரத்தில் உண்டு. தாராவியில் திருநெல்வேலிக் குடும்பங்கள் வழிபடும் தேவாலயங்களின் பக்கம் ஞாயிற்றுக்கிழமை போய்க் கேளுங்கள். பாமாலையை நான்கு குரலாகப் பிரித்துப் பாடுவதும், கீர்த்தனையை ராக தாளத்தோடு ஒரே குரலாகப் பாடுவதும் தமிழ்ச் சபைகளுக்குப் பழக்கம். அந்தக் கீர்த்தனைகளில் பலவற்றை இயற்றிய வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இருந்ததும் அதே தஞ்சாவூரில்தான், இரண்டாம் சரபோஜியின் ஆதரவில். நான்கு குரலில் ஒவ்வொருவருக்கும் தனிப் பாதை உண்டு. பஜனையில் எல்லோருக்கும் ஒரே பாதை, குரல்தான் வேறு வேறு. இரண்டையும் கேட்டால் ஒன்றின் அழகு மற்றதால் துலங்கும். பாடுகிறவர்களின் வாழ்க்கை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: ஷிப்ட், ரயில், பிள்ளைகளின் பரீட்சை, நடுவில் ஒத்திகை.

திவ்யநாமத்துக்குக் கட்டாயம் இருங்கள். நடுவில் குத்துவிளக்கை வைத்து, உட்கார்ந்து பாடியவர்கள் எழுந்து சுற்றி வருவார்கள். அதுவரை பக்கத்தில் உட்கார்ந்து குரலைப் பொருத்திக்கொண்டவர்கள் இப்போது வட்டத்தின் எதிர் எதிர்ப் பக்கத்தில் இருப்பார்கள். விளக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் குரல் ஒரு கணம் தள்ளித்தான் வரும். அப்படியிருந்தும் தாளம் பிசகாமல் இருப்பதற்குக் காரணம் கால்கள். இந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள், பாதங்களைப் பாருங்கள்.

மறுநாள் ஞாயிறு காலையில் உஞ்சவிருத்தி. பாகவதர் செம்போடு நாமம் பாடிக்கொண்டு முன்னால் போக, பின்பாட்டுக்காரர்கள் தொடர்ந்து போவார்கள். ஹவுசிங் சொசைட்டி வாசல்களில் அரிசி போடுவார்கள். இங்கே ஒலிபெருக்கி இல்லை, சுவர் இல்லை, ஆட்டோ ஹாரன் உண்டு. கூடத்தில் நன்றாகக் கேட்ட குரல் தெருவில் காணாமல் போகும். கூடத்தில் சாதாரணமாகத் தெரிந்த ஒரு கட்டைக் குரல் இங்கே கூட்டத்தையே இழுத்துப் போகும். குழுவில் யார் முதுகெலும்பு என்பது தெருவில்தான் தெரியும். அது முடிந்ததும் அதே ஆட்கள் சமையல் இடத்துக்குப் போய்ப் பூசணிக்காய் நறுக்குவார்கள், இலை போடுவார்கள், ராதா கல்யாணம் முடிந்து பந்தியில் பரிமாறுவார்கள். சம்பளம் கிடையாது. வாரம் முழுவதும் உழைத்தவர்களுக்குக் கிடைத்த ஒரே விடுமுறை நாள் அது. பரிமாறும்போதுகூடச் சிலர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பையனுக்குப் பரீட்சை இருந்த வருஷம் மாமி உஞ்சவிருத்திக்கு வரவில்லை. சனிக்கிழமை இரவே காய்கறியெல்லாம் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

ரசிப்பதன் கடைசிப் படி, வாயைத் திறப்பது. பாடத் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். நாமாவளிக்கு நான்கு சொல் தெரிந்தால் போதும். பின்வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து, உங்கள் குரல் உங்களுக்கே தனியாகக் கேட்காத அளவில் பாடுங்கள். தனியாகக் கேட்டால் சுருதி விலகியிருக்கிறது என்று பொருள். ஜால்ராவை மட்டும் கேட்காமல் எடுத்துத் தட்டிவிடாதீர்கள், அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

மார்கழியில் திருப்பாவையோடு தொடங்கி, தை, மாசி, பங்குனி என்று ராதா கல்யாணங்களும் ராம நவமி உற்சவங்களும் வரும். பெரும்பாலான குழுக்களில் இப்போது ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதிலும் ஆண் குரல்கள் குறைவு. நெருளிலோ சீவுட்ஸிலோ ஜுய்நகரிலோ இருந்து, பெலாப்பூர் வண்டியில் எட்டு மணிக்கு இறங்குகிறவராக இருந்தால், வீட்டுக்குப் போகும் வழியில் அரைமணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போங்கள். தாமதமாக வந்தாயே என்று பின்வரிசையில் யாரும் கேட்க மாட்டார்கள். கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்கள்.