வால்வும் நீராவியும்

திவான் ராஜா கேசவதாசர் உண்டாக்கிய சாலைக் கம்போளத்தில், பலசரக்கு வாசனைக்கும் பாத்திரக் கடைகளின் ஓசைக்கும் நடுவே நடப்பவர்க்கு, திருவனந்தபுரம் ரயிலையும் ரேடியோவையும் வரவேற்ற காலம் நினைவில் எழுவது இயல்பே. கொல்லத்திலிருந்து 1918-ல் சாக்கை வரை வந்து நின்ற தண்டவாளம், 1931-ல் சாலைக்கு அருகேயுள்ள தம்பானூரை எட்டியது; 1943-ல் தொடங்கிய திருவிதாங்கூர் வானொலி, 1950-ல் அகில இந்திய வானொலியோடு இணைந்தது.

அக்காலத்தை நினைவூட்டும் புராதன யந்திரங்களின் கண்காட்சிகளுக்கு நான் ஆவலோடு செல்வதுண்டு. ஆயினும் கண்ணாடிப் பேழைக்குள் மௌனமாய் வீற்றிருக்கும் பொருளைவிட, இயங்கிக் காட்டும் பொருளிடமே எனக்கு அபிமானம் அதிகம். வால்வு ரேடியோவைத் திருகிய மாத்திரத்தில் அது பேசிவிடாது. உள்ளிருக்கும் இழை சூடேறிச் செந்நிறங் கொண்டு, எலெக்ட்ரான்கள் புறப்பட்ட பின்னரே, முனகலாய் எழும் ஒலி மெல்ல மெல்லக் கானமாய்த் தெளியும். முகப்பிலுள்ள பச்சைக் கண்ணின் நிழல் ஒடுங்கி, நிலையம் செவ்வையாய்ப் பிடிபட்டதை அறிவிக்கும். அந்தக் காத்திருப்பே சங்கீதத்துக்கு முன்வரும் சுருதி.

நீராவி எஞ்சினோ மணிக்கணக்கில் பொறுமை கேட்பது. லீட்ஸ் நகரில் 1855-ல் உருவாகி, நூறாண்டுகளுக்கு மேல் காட்சிப்பொருளாய் உறைந்திருந்த ‘இ.ஐ.ஆர். 21’, பெரம்பூர்த் தொழிற்சாலைத் தொழிலாளரின் கைத்திறனால் 2010-ல் மீண்டும் உயிர்பெற்று, 2019-ல் எர்ணாகுளத்திலிருந்து கொச்சித் துறைமுகம் வரை ஜனங்களை ஏற்றிச் சென்றது. மூல பாகங்கள் பல இல்லாமையால் புதிதாகச் செய்து பொருத்தினார்கள். அதனால் அதன் பழமைக்குப் பங்கம் நேர்ந்தது என்பாரோடு நான் உடன்படேன்.