வானொலி கேட்ட குடும்பம்
'ரேடியோ டேஸ்' திரைப்படம் பற்றிய திறனாய்வு

பழமையைப் போற்றுதல் வேறு. பழமையில் மயங்குதல் வேறு. முன்னது அறிவின்பாற்பட்டது, பின்னது சோர்வின்பாற்பட்டது. கடந்த காலத்தைக் காட்டும் கலைப்படைப்பை மதிப்பிடப் புகுவோர் முதற்கண் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். 1987ஆம் ஆண்டில் வெளிவந்த 'ரேடியோ டேஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படம் இவ்விரண்டனுள் எதனைச் சார்ந்தது என்பது ஆராயத்தக்கது.

'வானொலி நாள்கள்' என்பது அப்பெயரின் பொருள். படத்தை எழுதி இயக்கியவர் வூடி ஆலன். கதை சொல்லும் குரலும் அவருடையதே. ஆயின் அவர் உருவம் படத்தில் எங்கும் தோன்றுவதில்லை. வானொலியைப் பற்றிய படத்தில் ஆசிரியர் குரலாக மட்டும் நிற்பது பொருத்தமேயாகும்.

இப்படத்தில் தொடர்ந்த கதை இல்லை என்றும், இனிய நினைவுத் துணுக்குகளின் கோவையே இது என்றும் குறை கூறுதல் எளிது. அக்குறை பொருந்துமா என்பதைப் படத்தைக் கொண்டே காண்டல் முறை.

களமும் காலமும்

நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் ராக்கவே என்னும் கடற்கரை ஊர் உள்ளது. அவ்வூரில் ஒரு யூதக் குடும்பம். பெற்றோர், தாயைப் பெற்றோர், மணமாகாத சிற்றன்னை, மற்றொரு சிற்றன்னை, அவள் கணவன், அவர்தம் மகள் ஆகிய இத்தனை பேரும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றனர். இவர்களுக்கு நடுவே வளரும் சிறுவன் ஜோ. அவனாக நடித்தவர் சேத் கிரீன். கதை 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1944ஆம் ஆண்டு பிறக்கும் நள்ளிரவில் முடிகிறது.

அக்காலம் அமெரிக்க நாட்டில் வானொலி கோலோச்சிய காலம். 1940ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 83 வீடுகளில் வானொலிப் பெட்டி இருந்தது. பத்தாண்டுகளுக்கு முன் அத்தொகை நூற்றுக்கு 40 அளவினதே. ஆகவே ஜோவின் குடும்பம் புதுமையாக வந்த பொருளொன்றைத் தன் உறவினருள் ஒருவராக ஏற்றுக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தது எனலாம்.

அமைப்பு முறை

படம் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியோடு தொடங்குகிறது. திருடர் இருவர் ஓர் இருட்டு வீட்டினுள் புகுகின்றனர். தொலைபேசி மணி அடிக்கிறது. எடுத்தால், மறுமுனையில் வானொலிப் போட்டி நடத்துபவர்! இசையைக் கேட்டுப் பாடலின் பெயரைச் சொல்ல வேண்டும். திருடர்கள் சரியாகச் சொல்லிப் பரிசையும் வென்றுவிடுகின்றனர். மறுநாள், பொருளை இழந்து நிற்கும் வீட்டுக்காரரின் வாயிலில் வண்டி நிறையப் பரிசுப் பொருள்கள் வந்து இறங்குகின்றன. திருடனுக்கும் வீட்டுக்காரனுக்கும் பொதுவான பாடல்கள் இருந்த காலம் அது என்பதை இந்நிகழ்ச்சி சொல்லாமற் சொல்கிறது.

இதனையடுத்து வருவனவெல்லாம் வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினால் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் நிகழ்ச்சிகளைப் போன்றவை: வீரசாகசத் தொடர், காலை உணவு நேரத்து உரையாடல், விளையாட்டு வீரர் கதை, பாடல், போர்ச் செய்தி. இவற்றை இணைப்பது சிறுவனின் நினைவு ஒன்றே. எனவே துணுக்குத் தன்மை இப்படத்தின் குறையன்று. எடுத்துக்கொண்ட பொருளிலிருந்தே பிறந்த வடிவம் அது.

குரலும் உருவமும்

சிறுவர் போற்றும் முகமூடி வீரனின் குரல் கம்பீரமானது. அக்குரலுக்குரிய நடிகரோ குள்ளமான வழுக்கைத் தலையர். வாலஸ் ஷான் அவ்வேடம் ஏற்றுள்ளார். மன்ஹாட்டன் மாளிகையிலிருந்து செல்வத் தம்பதியர் காலை உணவருந்திக்கொண்டே உலகச் செய்தி பேசுகின்றனர். அதனைக் கேட்கும் ஜோவின் தாயோ எச்சிற் கலங்களுக்கு நடுவே நிற்கிறாள். அத்தம்பதியருள் கணவன் ஒழுக்கம் தவறியவன் என்பதையும் படம் காட்டிவிடுகிறது.

இங்ஙனம் பொய்யைப் பொய்யென்றே காட்டும் ஆசிரியர் கேட்போரை எள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. குரல் பொய்யாயினும் அதனைக் கேட்ட தாயின் மகிழ்ச்சி மெய். மயக்கத்துக்கும் அன்புக்கும் உள்ள எல்லைக்கோடு இதுவே. வானொலியை ஆசிரியர் வழிபடவில்லை. வானொலி கேட்டவர்களை நேசிக்கிறார்.

கிணற்றில் விழுந்த சிறுமி

படத்தின் உயிர்நிலை ஒரு காட்சியில் உள்ளது. குறும்பு செய்த ஜோவைத் தந்தை அடித்துக்கொண்டிருக்கிறார். அவ்வேளை வானொலியில் ஒரு செய்தி. பென்சில்வேனியா மாநிலத்தில் சிறுமி ஒருத்தி கிணற்றில் விழுந்துவிட்டாள். மீட்கும் பணி நடைபெறுகிறது. ஓங்கிய கை தாழ்கிறது. வீட்டார் பெட்டியைச் சூழ்ந்து நிற்கின்றனர். நாட்டின் பல பகுதிகளிலும் மக்கள் மூச்சை அடக்கிக் கேட்கின்றனர். முடிவில் சிறுமியை உயிரற்றவளாக எடுத்தனர் என்னும் செய்தி வருகிறது. சற்றுமுன் மகனை அடித்த தந்தை, அவனைத் தம்மோடு அணைத்துக்கொண்டிருக்கிறார்.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் நகையும் அழுகையும் இடம்பெறும். அவை இரண்டும் ஒரே காட்சிக்குள் இயல்பாக மாறி நிற்பதற்கு இஃது நல்ல எடுத்துக்காட்டு. எவரும் அறிவுரை கூறவில்லை. எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடித்த கையே அணைக்கிறது; அவ்வளவே.

1949ஆம் ஆண்டில் கலிபோர்னியா மாநிலத்துச் சான் மரினோ ஊரில் மூன்று வயதுக் குழந்தையொன்று இவ்வாறே பழங்கிணற்றில் விழுந்து இறந்தது. அம்மீட்புப் பணியை லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தொலைக்காட்சி 27 மணி நேரத்துக்கு மேலாகக் காட்டியது. அங்கே பார்ப்போரின் கண்கள் கிணற்றடியில் நிலைத்திருந்தன. இப்படத்திலோ கிணறு செவியில் மட்டும் உள்ளது. கண்கள் வேலையின்றி இருப்பதால் அவை அருகிலிருப்போரைப் பார்க்கின்றன. தந்தை மகனைப் பார்க்கிறார். வானொலி செவியை எடுத்துக்கொண்டு, கண்ணைக் குடும்பத்திற்கே விட்டுவைத்தது. இப்படத்தின் தனிச்சிறப்பு இவ்வுண்மையைக் கண்டதில் உள்ளது.

சிற்றன்னையின் தனிமை

மணமாகாச் சிற்றன்னையாக டயான் வீஸ்ட் நடித்துள்ளார். 1938 அக்டோபர் 30ஆம் நாள் ஆர்சன் வெல்ஸ் ஒலிபரப்பிய நாடகம் செவ்வாய்க் கோளத்தார் படையெடுத்து வருவதாகச் செய்தி வடிவில் அமைந்தது. அவ்விரவில் அவளை உலாவ அழைத்துச் சென்ற ஆடவன், காரிலிருந்த வானொலியில் அதனைக் கேட்டதும் அவளை மூடுபனியில் விட்டுவிட்டு ஓடிவிடுகிறான். பின்னர் அவன் மீண்டும் அழைத்தபோது, தான் செவ்வாய்க் கோளத்தான் ஒருவனை மணந்துகொண்டதாக அவள் விடை கூறுகிறாள்.

அந்நாடகத்தால் நாடே நடுங்கியதென்னும் செய்தியை அக்கால நாளிதழ்கள் மிகைப்படுத்தின என்று பிற்கால ஆய்வாளர் கூறுவர். படம் வரலாற்றை விடுத்து வழக்காற்றைக் கைக்கொண்டது. ஆயினும் இங்கே நோக்கம் வரலாறன்று; பெண்ணொருத்தியின் ஏமாற்றமும் அதனை நகைத்தே தாங்கும் அவள் உள்ளத் திண்மையும் ஆகும்.

குறைகள்

குறையே இல்லாத படைப்பு என்று இதனைக் கூறவியலாது. இரவு விடுதியில் சிகரெட் விற்கும் சாலி ஒயிட் என்னும் பெண் வானொலிப் புகழ் பெறும் பகுதியில் மியா பாரோ திறம்பட நடித்துள்ளார். எனினும் கொலையாளியிடம் அவள் சிக்கும் நிகழ்ச்சி முதலியன வேடிக்கையாக நின்றுவிடுகின்றன; ராக்கவே வீட்டுக் காட்சிகளின் ஆழம் அவற்றுக்கு இல்லை.

மற்றொன்று இன்னும் முதன்மையானது. 1928இல் தொடங்கிப் பெரும்புகழ் பெற்ற 'ஏமஸ் அண்ட் ஆண்டி' என்னும் வானொலித் தொடரில் கறுப்பின மாந்தராகக் குரல் கொடுத்து நகைப்பூட்டியவர்கள் வெள்ளையர் இருவர். அக்கால வானொலியில் இத்தகைய இழிவும் கலந்திருந்தது. அண்டை வீட்டாரின் நிறவெறியை ஓரிடத்தில் நகையாடும் படம், வானொலியின் இக்கறையைப் பொருளாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்புக்குரிய காலமாயினும் அதன் பிழையை மறைத்தல் ஆகாது.

கடற்கரையும் இரங்கலும்

படத்தில் கடல் அடிக்கடி தோன்றுகிறது. மழையும் அலையும் மோதும் சாம்பல் நிறக் கடல் அது. தமிழ் மரபில் நெய்தல் நிலத்துக்குரிய உரிப்பொருள் இரங்கல். அமெரிக்க இயக்குநர் அம்மரபை அறிந்து செய்தார் என்பது கருத்தன்று. எனினும் கடற்கரையும் இழப்புணர்வும் இயைந்து நிற்றலைத் தமிழ் கற்றோர் எளிதில் உணர்வர்.

இறுதியில் வானொலிப் புகழாளர் சிலர் புத்தாண்டு நள்ளிரவில் விடுதியின் மாடியில் கூடிநின்று, வருங்காலத்தார் தம்மை நினைப்பரோ என ஐயுறுகின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல அக்குரல்கள் தேய்ந்துவருவதாகக் கதை கூறுபவர் ஒப்புக்கொள்கிறார். அக்கால நிகழ்ச்சிகள் பல பதிவு பெறாமலே காற்றில் கரைந்தவை; ஆதலின் அக்கூற்று கற்பனையன்று. ஆனால் அதே இரவில், துணையின்றி வீட்டிலிருந்த சிற்றன்னை உறங்கிய ஜோவை எழுப்பிப் புத்தாண்டைக் காணச் செய்கிறாள். புகழாளரை உலகம் மறந்தது. சிற்றன்னையை அச்சிறுவன் மறக்கவில்லை.

இப்படம் ஆஸ்கர் பரிசுக்குத் திரைக்கதை, கலை இயக்கம் ஆகிய இரு துறைகளில் முன்மொழியப்பட்டது. அதனினும் பெரிய தகுதி, பழையதை நேசிப்போர் அதன் வறுமை, சண்டை, தனிமை ஆகியவற்றையும் கண்திறந்து பார்த்தல் இயலும் என்பதைக் காட்டியதாகும். பழமை போற்றும் படைப்புகளை மாணவர்க்கு அறிமுகம் செய்யும் ஆசிரியர்கள், போற்றுதலையும் மயங்குதலையும் வேறுபடுத்திக் காட்டுதற்கு இதனைத் தயங்காமல் எடுத்தாளலாம்.